எதிர்க்கரை

மார்ச் 3

அன்புள்ள குட்டிக்கு,

அண்ணி எழுதுவது. பெட்டியில் புட்டிகள் ஒன்றோடொன்று இடிக்காமலிருக்க வழக்கமாகப் பழைய துணியைச் சுருட்டி வைப்பேன். இந்த வாரம் கடிதத்தைச் சுருட்டி வைத்திருக்கிறேன். போனில் பேசலாமே என்பாய். இந்தப் பள்ளத்தில் போன் பேச வேண்டுமானால் கொட்டகைக் கூரையில் ஏற வேண்டும். ஏறிப் பேசினாலும் நீ "ம்" என்பாய், "சரி" என்பாய், வைத்துவிடுவாய். எழுதினால் நான் முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும்.

நீ சொல்லிக்கொடுத்தபடியே மேல்பாலத்தடியில் ஓடைநீரில் புட்டியை மூன்று தடவை அலசிவிட்டுத்தான் பிடித்தேன். உன் அண்ணன் பார்த்துவிட்டு, "தண்ணியைத் தண்ணியாலயே கழுவுற ஒரே ஆள் உலகத்துல நீதான்" என்கிறார். பெயர் உனக்கு, கேலி எனக்கு.

அவர் நன்றாக இருக்கிறார். சாயங்காலமானால் ஓடையைத் தாண்டிப் பல் டாக்டர் வீட்டுக்குச் சதுரங்கம் ஆடப் போய்விடுகிறார். டாக்டர் மேட்டு நிலத்தை வாங்கி நான்கு வருடமாகிறது, ஊருக்கு அவர் இன்னும் 'வந்தவர்'தான். பேசும்போது நம் கண்ணைப் பார்க்காமல் பல்லைப் பார்ப்பார். நான் அவர் முன்னால் வாயைத் திறப்பதே இல்லை. ஆனால் நீ கேட்டதும் நல்ல விளைச்சல் நிலத்தில் பயிரை விட்டுவிட்டு மரம் வைத்தவர் அவர் ஒருவர்தானே. கன்றுகள் என் இடுப்பளவு வந்துவிட்டன. மற்ற மேட்டுக்காரர்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

போன வாரம் அவர் நிலத்தில், ஓடைக்கரையை ஒட்டி, பொக்லைன் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாள், பொழுது சாயும்வரை. என்னத்தைத் தோண்டுகிறாரோ, என்னத்தைப் புதைக்கிறாரோ. உன் அண்ணனைக் கேட்டால், "நான் ஆடப் போறேன், விசாரிக்கப் போகலை" என்கிறார்.

எங்கள் பக்கத்துக் கரையில் நிலத்தடி நீர்மட்டம் பார்க்க நீ இறக்கிய குழாயைச் சுற்றி நம் செம்மறிகள் எப்போதும் கூடி நிற்கின்றன. உன் ஆராய்ச்சிக்கு ஆள் பற்றாக்குறை என்றாயே, அதுகளைச் சேர்த்துக்கொள். தலையை ஆட்டச் சொன்னால் ஆட்டும்.

அண்ணி


மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. புட்டிகளும் உடையாமல் வந்தன. இங்கே செய்தி நல்லதாக இல்லை.

நம் ஓடை வந்து சேரும் ஏரியின் வடக்கு மூலையில் கோரை மஞ்சளாகத் தொடங்கி ஒரு மாதமாகிறது. நுனியிலிருந்து காய்ந்தால் வெயில் என்று சொல்லலாம். இது அடியிலிருந்து காய்கிறது. போன வருடம் அந்தக் கோரைக்குள் முக்குளிப்பான் பறவைகள் கூடு கட்டியிருந்தன. இந்த வருடம் ஒன்றுகூட இல்லை. ஏரிக்கு வரும் தண்ணீரில் உப்பு ஏறுகிறது.

நீங்கள் பிடித்து அனுப்பும் மேல்பாலத்து நீரில் உப்பு குறைவு. கீழ்ப்பாலத்தில் நான் வைத்திருக்கும் மீட்டரில் அது நான்கு மடங்கு. இடையில் ஓடைக்கு இரண்டே கரைகள். இடது கரை அண்ணனுடையது. வலது கரை டாக்டருடையது.

உங்களுக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். நம் பள்ளத்தில் களிமண் அடுக்குக்குக் கீழே பழைய உப்புநீர் அழுத்தத்தோடு நிற்கிறது. மேட்டில் மரங்கள் இருந்தவரை மழையை வேர்கள் குடித்தன. மரத்தை எடுத்துப் பயிர் வைத்த பிறகு மழைநீர் மணல்மேட்டில் இறங்கி, பள்ளத்து உப்புநீரை மேலே தள்ளுகிறது. மேட்டில் மரம் வளர்ந்தால் அது மெல்ல இறங்கும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் பள்ளத்தில் வடிகுழாய் புதைத்துத் தங்கள் நிலத்து உப்பை ஓடையில் விட்டுவிடுவார்கள். அவர்கள் நிலம் பிழைக்கும். ஏரி சாகும். மற்ற ஊர்களில் இதைப் பார்த்திருக்கிறேன்.

பொக்லைன் வந்தது எந்தத் தேதி? கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் தோண்டினார்கள்? குழாய் ஏதும் இறக்கியதைப் பார்த்தீர்களா?

வரும் வியாழன் கூட்டுறவுக் கொட்டகையில் விவசாயிகள் கூட்டம். நான் வருகிறேன். அன்றே திரும்ப வேண்டும், சாப்பாடு வேண்டாம்.

உங்கள்
குட்டி


மார்ச் 27

மதிப்பிற்குரிய ஆய்வாளர் அவர்களுக்கு,

சாப்பாடு வேண்டாம் என்று எழுதியிருந்தாய். இப்போது உனக்குச் சாப்பாடு போட என் கையும் வராது.

தேதி கேட்டாய், தூரம் கேட்டாய். நான் பதில் எழுதும் முன்பே நீ கூட்டத்தில் எழுந்து பேசிவிட்டாய். "வலது கரையில், மேட்டுக்கு அடியில், மண்ணுக்குள் வடிகுழாய் பதித்திருக்க வாய்ப்பு உண்டு. அண்மையில் அங்கே இயந்திர வேலை நடந்திருப்பதாகத் தகவல்." யார் தந்த தகவல்? பாத்திரம் கழுவிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்த ஒருத்தி தந்த தகவல். நான் சொன்னது பேச்சு, குட்டி. வம்பு என்றே வைத்துக்கொள். பொக்லைன் போனாலும் எழுதுவேன், பூனை போனாலும் எழுதுவேன். அதை எடுத்து ஆதாரமாக்கியது நீ. சின்ன வயதில் நான் உப்பு போட்டேன் என்று சொன்னாலும் நீ ருசி பார்த்துவிட்டுத்தானே நம்புவாய்?

டாக்டர் எழுந்து, "கன்னு வைக்க வரப்பு போட்டேன். அடுத்த வரிசைக்கு" என்றார். பின்னாலிருந்து ஒருவன், "வரப்புக்கு மேல கன்னு, கீழ குழாயா டாக்டர்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை, பார்த்தேன். ஆனால் நீ காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாய்.

உன் அண்ணன் அன்றிலிருந்து சதுரங்கம் ஆடப் போவதில்லை. "போகலையா?" என்று கேட்டேன். "அவ படிச்சவ. அளந்து பாக்காம சொல்ல மாட்டா" என்றார். வாசலில் உட்கார்ந்து செருப்பைத் துடைக்கிறார். துடைத்த செருப்பையே மறுபடி துடைக்கிறார்.

அண்ணி


ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நான் யார் பெயரையும் சொல்லவில்லை. 'வாய்ப்பு உண்டு' என்றுதான் சொன்னேன். அந்தச் சொற்களை யோசித்தே பயன்படுத்தினேன்.

அளவுகள் பொய் சொல்லவில்லை. இரண்டு பாலங்களுக்கிடையில் எங்கோ உப்பு நுழைகிறது. கூட்டத்துக்கு முன் இருமுறை இடது கரையில் நின்று எதிர்க்கரையைப் பைனாகுலரில் பார்த்தேன். புதிதாகத் தோண்டிய மண் தெரிந்தது. நேரில் போய்க் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் எவரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். இருபது வருடத்தில், ஆமாம் நான்தான் விட்டேன் என்று ஒருவர்கூட என்னிடம் சொன்னதில்லை.

அண்ணனை ஆடப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

குட்டி


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

இரண்டு வாரமாகப் பெட்டி வருகிறது. புட்டிகள் சரியாக இருக்கின்றன. மூடியில் தேதி எழுதியிருக்கிறீர்கள், நடுவில் பழைய துணி இருக்கிறது. கடிதம் இல்லை.

துணியை உதறிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கீழ்ப்பாலத்தில் உப்பு இன்னும் ஏறுகிறது. எதிர்க்கரையில் ஏதேனும் வேலை நடக்கிறதா என்று கேட்டு எழுத உட்கார்ந்தேன். கேட்கவில்லை. அண்ணன் எப்படி இருக்கிறார்?

குட்டி


ஏப்ரல் 29

குட்டிக்கு,

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். வேலை நடந்தது. டாக்டர் அதே பொக்லைனை வரவழைத்துத் தன் கரையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஆளுயரத்துக்கு வெட்டித் திறந்து போட்டிருக்கிறார். குழாய் இல்லை. ஒரு சல்லிவேர்கூட இல்லை. வெறும் மண். ஊருக்குச் சொல்லியனுப்பினார், வந்து பாருங்கள் என்று. யாரும் போகவில்லை. பள்ளத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தார். மனுஷன் கிளினிக் வாசலில்கூட அப்படிக் காத்திருந்திருக்க மாட்டார்.

உன் அண்ணன் போகலாமா என்று எழுந்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

இன்னொன்று. மேட்டு வேலியின் கதவு செவ்வாயன்று திறந்து கிடந்தது. யார் திறந்தார்கள் என்று தெரியாது. நம் ஆடுகள் உள்ளே போய்விட்டன. கீழ் வரிசைகளில் கன்றுகள் மொட்டையாகிவிட்டன. டாக்டர் ஆடுகளைத் தானே ஓட்டிக்கொண்டுவந்து நம் கொட்டகையில் விட்டுவிட்டுப் போனார். எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அண்ணி


மே 9

அன்புள்ள அண்ணிக்கு,

இதை நேரில் வந்து சொல்ல வேண்டும். வரும் தைரியம் இல்லாததால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை வந்தேன். வீட்டுக்கு வரவில்லை. கீழ்ப்பாலத்தில் காரை விட்டுவிட்டு ஓடைக்குள் இறங்கி, கைமீட்டரை நீரில் நனைத்தபடியே மேல்நோக்கி நடந்தேன். மார்ச்சில் செய்திருக்க வேண்டிய வேலை. ஓர் அரை நாள் வேலை. அப்போது எனக்கு அது தேவைப்படவில்லை, ஏனென்றால் விடை கையில் இருந்தது.

டாக்டர் வெட்டித் திறந்த கரையோரமாக நடந்தேன். நீர் நன்றாகவே இருந்தது. இடது கரைப் பக்கம் மீட்டரை நகர்த்தினால் எண் ஏறியது. ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் மீட்டர் தன் அளவைத் தாண்டிவிட்டது. தலையை நிமிர்த்தினேன். கரைமேல் எங்கள் அலுவலகத்துக் குழாய் நின்றது. நான் என் கையால் மஞ்சள் வண்ணம் அடித்த குழாய்.

நீர்மட்டம் பார்ப்பதற்காகக் களிமண் அடுக்கைத் துளைத்து அந்தக் குழாயை இறக்கினோம். துளைக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள இடுக்கைச் சிமெண்டால் அடைப்போம். அந்த அடைப்பு விட்டுப்போயிருக்கிறது. அடியில் அழுத்தத்தோடு நிற்கும் உப்புநீர் குழாயின் வெளிப்பக்கமாக ஏறி, மண்ணுக்குள்ளேயே ஓடைக்குக் கசிகிறது. உப்பைக் கண்டுபிடிக்க நான் வைத்த குழாய் உப்பை ஏரிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. குழாயைச் சுற்றி மண் வெள்ளை பூத்திருந்தது. ஆடுகள் நக்கி நக்கி அந்த இடம் தட்டுப் போல் குழிந்திருந்தது. உங்கள் முதல் கடிதத்தில் அதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். மடித்து வைத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எதிர்க்கரையைப் பார்த்தேன் என்று எழுதினேனே, பைனாகுலர் ஆடாமலிருக்க அந்தக் குழாயின் மேல்தான் முழங்கையை ஊன்றிக்கொண்டிருந்தேன்.

எங்கள் அலுவலக இயக்குநரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் அல்ல. பேனாவை உருட்டிக்கொண்டே சொன்னார்: "முதல்ல குழாயை அடைச்சிடுங்க. உப்பு குறையும். குறைஞ்சதும் 'பிரச்சினை சரியாகிவிட்டது'ன்னு ஒரு வரி போட்டுடுங்க. யாரு வந்து கேக்கப் போறாங்க?"

பொய் சொல்லச் சொல்லவில்லை. சும்மா இருக்கச் சொன்னார். சும்மா இருந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பயந்துபோய் டாக்டர் தன் குழாயைப் பிடுங்கிவிட்டார், அதனால்தான் உப்பு குறைந்தது என்று ஊர் பேசும். அவர் வெட்டிக் காட்டிய பள்ளமே அதற்குச் சாட்சியாகிவிடும்.

ஆனால் இயக்குநர் இதையும் சொன்னார். "குழாயே உப்பைக் கொண்டுவருதுன்னு தெரிஞ்சா யாராவது நிலத்துல கால் வைக்க விடுவாங்களா? ஒருத்தர் பேரைக் காப்பாத்த ஏரியை விட்டுடுவீங்களா?" மேட்டுக்காரர்கள் மரம் வைக்காவிட்டால் அந்த ஏரி என் ஆயுளுக்குள் உப்புத் தட்டாகிவிடும். அது உண்மை.

எதையும் அளக்காமல் நம்பமாட்டாள் என்று பெயர் வாங்கியவள் நான். எனக்குப் பிடித்த விடையாக இருந்ததால் அளக்காமல் நம்பினேன். இடது கரை நம்முடையது என்பதால் அங்கே தேடவே இல்லை. என்ன செய்ய என்று நீங்கள் சொல்லுங்கள்.

குட்டி


மே 14

அன்புள்ள குட்டிக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். நடுவில் எழுந்து போய்விட்டார். கொட்டகைப் பக்கம் போய் ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். மிச்சத்தை நான் ஆடுகளுக்கும் கேட்கும்படி சத்தமாகப் படித்தேன்.

என்ன செய்ய என்று என்னைக் கேட்கிறாய். நான் சொல்லத் தகுந்தவளா என்று முதலில் பார்.

ஆடுகள் உள்ளே போய்விட்டன என்று எழுதினேன். எப்படிப் போயின என்று எழுதவில்லை. கதவை நான் திறக்கவில்லை, அது சத்தியம். ஆனால் சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். முதல் ஆடு வேலிக்குள் தலையை நுழைத்ததைப் பார்த்தேன். பின்னாலேயே மற்றவை. ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும், என் குரலுக்கு நம் ஆடுகள் திரும்பிவிடும். கையில் பாத்திரம் இருந்தது. இதை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். கழுவினேன். துடைத்தேன். அடுக்கினேன். அடுப்பு மேடையையும் துடைத்தேன், அது சுத்தமாகத்தான் இருந்தது. அப்புறம் வெளியே வந்தேன். அதற்குள் டாக்டர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். அவர் மேல் எனக்கு என்ன கோபம்? ஒன்றும் இல்லை. ஊரே அவரை ஒரு மாதிரி பார்த்தது, நானும் பார்த்தேன். கொஞ்சம் நன்றாகக்கூட இருந்தது. அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. வம்பு எழுதியது நான், அது உன் வாயில் நியாயமாகிவிட்டது, அப்புறம் அந்த நியாயத்தை நானே நம்பிவிட்டேன்.

ஏரி, மரம், உப்பு எல்லாம் உன் படிப்பு. எனக்கு ஒன்றுதான் தெரியும். அன்றைக்குப் பெயர் சொல்லவில்லை என்று தப்பித்துக்கொண்டாய். இப்போது சொல்வதானால் பெயரோடு சொல். உன் பெயரோடும்.

அண்ணி

பி.கு. உன் அண்ணன் அந்தக் குழாயைச் சுற்றி வேலி கட்டிவிட்டார். ஆடுகள் வேலிக்கு வெளியே நின்று அவரைத் திட்டுகின்றன.


மே 30

அன்புள்ள அண்ணிக்கு,

வியாழக்கிழமைக் கூட்டத்தில் நீங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள், அதனால் அங்கே நடந்தது உங்களுக்குத் தெரியும். அதற்கு முந்திய திங்களன்று டாக்டர் வீட்டுக்குப் போனேன். அது உங்களுக்குத் தெரியாது.

கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொன்னார். உட்காரச் சொல்லவில்லை. மேசையில் சதுரங்கப் பலகை இருந்தது, காய்கள் பாதி ஆட்டத்தில் நின்றன. மேலே தூசி விழாமல் ஒரு கண்ணாடி மூடி வைத்திருந்தார். நான் அதைப் பார்ப்பதைக் கவனித்து, "உங்க அண்ணன் நகர்த்தணும்" என்றார். அழைப்பாகச் சொல்லவில்லை. நோயாளியின் பல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு அதன் எண்ணைச் சொல்வது போலச் சொன்னார்.

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"எந்தக் குழாய்?"

"எங்க அண்ணன் நிலத்துல இருக்கறது. மஞ்சள் பெயிண்ட்."

"அது மேல சாய்ஞ்சுக்கிட்டுத்தானே பைனாகுலர்ல பார்த்துட்டிருந்தீங்க?"

ஆமாம் என்றேன்.

"ரெண்டு தடவை பார்த்தேன் உங்களை. பறவை பார்க்கறீங்கன்னு நினைச்சேன். கை காட்டலாமான்னு வந்துச்சு. தொந்தரவா இருக்கும்னு விட்டுட்டேன்."

மன்னிப்பு என்ற சொல்லை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். அது வரவில்லை. அவர்தான் கேட்டார்: "ஊர்ல சொல்லிட்டீங்களா?"

"வியாழக்கிழமை சொல்றேன்."

"அப்ப வியாழக்கிழமைக்கு அப்புறம் வாங்க" என்று கதவைத் திறந்துவிட்டார்.

சொன்னேன். குழாய் யாருடையது, யார் மேற்பார்வையில் இறக்கியது, யார்மேல் பழி போட்டேன், எல்லாம் பெயரோடு. டாக்டர் வரவில்லை. "அளக்கறேன்னு வந்து உப்பை ஊத்திட்டுப் போயிருக்காங்க" என்று ஒருவர் சொன்னதும் கொட்டகை முழுக்கச் சிரிப்பு. மார்ச்சில் சிரித்த அதே ஆட்கள். அன்று டாக்டருக்கு அந்தச் சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று முன்வரிசையில் நின்றபோதுதான் தெரிந்தது. இரண்டு பேர் தங்கள் நிலத்தில் நாங்கள் இறக்கிய குழாய்களைப் பிடுங்கச் சொல்லிவிட்டார்கள். இயக்குநர் என்னிடம் ஒரு வாரமாக அலுவலகக் கடிதங்கள் மூலமே பேசுகிறார், பக்கத்து அறையிலிருந்து.

குழாயை முந்தாநாள் அடைத்தோம். அடைப்பு நிற்கிறதா என்று நானே இருந்து பார்த்தேன். கீழ்ப்பாலத்தில் உப்பு இறங்கத் தொடங்கியிருக்கிறது. அதில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

நேற்று மறுபடி டாக்டர் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. மகள் வீட்டுக்குப் போயிருப்பதாகப் பால்காரர் சொன்னார்.

குட்டி


ஜூன் 18

அன்புள்ள குட்டிக்கு,

டாக்டர் திரும்பி வந்துவிட்டார். வந்த அன்றே உன் அண்ணன் ஓடையைத் தாண்டிப் போனார். துடைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். அரைமணி நேரத்தில் திரும்பிவிட்டார். நான் கேட்காமல் இருந்தேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

ராத்திரி சாப்பிடும்போது தானாகச் சொன்னார். டாக்டர் இந்தப் பருவத்தில் மேட்டில் மறுபடி பயிர் வைக்கப் போகிறாராம். மிச்சமிருக்கும் மரங்களையும் எடுத்துவிடப் போகிறாராம். இவர், "அப்ப ஏரி?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு அவர், "அந்த ஏரியை நான் ரெண்டு தடவைதான் பார்த்திருக்கேன். ஏரிக்காகவா மரம் வெச்சேன்? ஊர்ல ஒரு பொது வேலை நடக்குது, நாமளும் சேர்ந்துக்கலாம்னு வெச்சேன்" என்றாராம்.

உன் அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நான் ஒரு வார்த்தை அவரையே கேட்டிருக்கலாம்" என்றார். அவ்வளவுதான். உன்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. திட்டினால் உனக்கும் எனக்கும் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் நாற்றுப்பண்ணைக்குப் போய்க் கன்றுகள் வாங்கி வந்தார். சாயங்காலம் இரண்டு பேரும் மண்வெட்டியோடு மேட்டுக்குப் போனோம். கேட்காமல் அடுத்தவர் நிலத்தில் நுழைவது தப்புதான். நம் ஆடுகள் மட்டும் கேட்டுக்கொண்டா நுழைந்தன? ஆடுகள் மொட்டையடித்த வரிசையில் ஒவ்வொன்றாக வைக்க ஆரம்பித்தோம். ஈரமண், ஆனாலும் கை கடுத்துவிட்டது. உன் அண்ணன் குழி தோண்டுகிற வேகத்தைப் பார்த்தால் மரம் நாம் போன பிறகுதான் வளரும்.

டாக்டர் தன் சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு எரிந்தது, ஆள் நன்றாகத் தெரிந்தார். கையில் ஏதோ பாத்திரம். வெளியே வரவில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, ஆனாலும் முதுகில் தெரிந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் எவ்வளவு நேரம் பாத்திரம் கழுவுவார் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் வீட்டுச் செருப்போடு வெளியே வந்தார். நான் எழுந்து, ஆடுகள் நுழைந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன் என்று சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்த்துச் சொன்னேன், வாயைத் திறந்து. அவர் பல்லைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. குனிந்து உன் அண்ணனின் குழியைப் பார்த்தார். "ஆழம் பத்தாது" என்றார். உள்ளே போய்விட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. இதற்கு மேல் நீ எதையும் இதில் படித்துக்கொள்ளாதே, நானும் படித்துக்கொள்ளவில்லை. மரத்தை எடுக்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. விதைப்புக்கு ஆள் சொன்னதாகவும் இதுவரை தெரியவில்லை. அன்றிலிருந்து குழிகளை இன்னொரு முழம் ஆழமாகத் தோண்டுகிறோம்.

இன்னும் இரண்டு வரிசை பாக்கி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிறாயா? அவர் உன்னோடு பேசுவார் என்று நான் சொல்ல மாட்டேன். குழி தோண்டலாம்.

சாப்பாடு உண்டு.

அண்ணி


ஜூன் 22

அன்புள்ள அண்ணிக்கு,

ஞாயிறு வருகிறேன். மண்வெட்டி கொண்டுவருகிறேன்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். நான் வரப்போவதை டாக்டரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். அவருக்கு ஜன்னலை மூடிக்கொள்ள வேண்டுமானால் மூடிக்கொள்ளட்டும்.

குட்டி